வாசகர் கேள்வி – பதில்: பர்மிங்காமும் நாடாளுமன்றமும்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, "இங்கிலாந்தின் பெரிய தொழில் நகரமான பர்மிங்காமுக்கு 1832 வரை சொந்தமாக ஓர் எம்.பி. கூடக் கிடையாது" என்று போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த முறை முழுப் பகுதியையும் எடுத்துக்கொண்டன. கிரிக்கெட், சினிமா கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எம்.பி. இல்லாத நகரமா? நம்ப முடியவில்லை. அப்படியானால் அந்த ஊருக்காக லண்டனில் யார் பேசினார்கள்?
– க.சு., கும்பகோணம்

வார்விக்‌ஷர் மாவட்டத்துக்கு இரண்டு எம்.பி.க்கள் இருந்தார்கள், பர்மிங்காம் அந்த மாவட்டத்தில் அடங்கியது, அதனால் அவர்கள்தான் உங்களுக்கும் எம்.பி. என்று சொல்லிவிட்டார்கள். அந்த இருவரும் பெரும்பாலும் நிலப்பிரபுக்கள். துப்பாக்கி, பொத்தான், திருகாணி, பேனா முள் என்று செய்து உலகமெங்கும் அனுப்பிய ஊரின் கவலை அவர்களுக்கு எந்த அளவுக்குப் புரிந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊருக்கு எத்தனை எம்.பி. என்பது நூற்றாண்டுகளுக்கு முன்பு முடிவானது, அதற்குப் பிறகு ஆள்தொகை எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று யாரும் பார்க்கவில்லை. சாலிஸ்பரி பக்கத்தில் ஓல்ட் சாரம் என்று ஒரு மேடு இருக்கிறது, ஊர் காலியாகிப் பல காலம் ஆகியும் அதற்கு இரண்டு எம்.பி. இருந்தார்கள். கடல் அரித்து ஊரில் பாதிக்கு மேல் போய்விட்ட டன்விச்சுக்கும் இரண்டு. லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த பர்மிங்காமுக்குப் பூஜ்யம். மான்செஸ்டர், லீட்ஸ் கதையும் இதேதான்.

எம்.பி. கொடுக்காததால் அவர்களே ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள் என்று எங்கோ படித்தேன். உண்மையா, கட்டுக்கதையா?
– மு.இ., விருதுநகர்

உண்மை. ஆனால் அவர் நாடாளுமன்றத்துக்குள் போகவில்லை.

1819 ஜூலை 12, நியூஹால் ஹில் என்ற இடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி, கை தூக்கி, சர் சார்ல்ஸ் வோல்ஸ்லி என்பவரைத் தங்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சட்டப்படி அவர் எம்.பி. ஆக முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அவருக்கு ஊரின் சார்பில் சட்டசபைக்குப் போகும் வக்கீல் என்கிற பொருளில் ஒரு புதுப் பட்டம் கொடுத்தார்கள். போய் சபாநாயகரிடம் இடம் கேட்பார், அவர் மறுப்பார், மறுத்தால் ஊர் உலகத்துக்கு அநியாயம் தெரியும் என்பதுதான் திட்டம். எனக்கு மிகவும் பிடித்த குறும்பு இது.

அரசுக்குப் பிடிக்கவில்லை. கூட்டம் நடத்தியவர்கள் மீது சதி வழக்கு. சிலருக்குச் சிறை. அந்தக் காலச் சீர்திருத்தக்காரர்களில் மூத்தவரான மேஜர் ஜான் கார்ட்ரைட்டுக்கு அப்போது வயது 80-ஐ ஒட்டி, அவரைச் சிறைக்கு அனுப்பத் தயங்கியோ என்னவோ 100 பவுண்டு அபராதத்தோடு விட்டார்கள். இதைப் பார்த்து மான்செஸ்டர்காரர்களும் அதே மாதிரி ஒருவரைத் தேர்ந்தெடுக்கக் கிளம்பினார்கள். அது சட்டவிரோதம் என்று நீதிபதிகள் சொன்னதும் நோக்கத்தை மாற்றி, நாளை மாற்றி, ஆகஸ்ட் 16 அன்று கூடினார்கள். அந்தக் கூட்டத்தின் மீதுதான் குதிரைப்படை பாய்ந்தது. குறைந்தது 15 பேர் செத்தார்கள். பீட்டர்லூ படுகொலை என்று பாடப்புத்தகத்தில் வருகிறதே, அதற்கு ஒரு மாதம் முன்னால் பர்மிங்காம் மேட்டில் நடந்த அந்தக் கைதூக்கலைப் பற்றி அதே புத்தகங்கள் அநேகமாக ஒரு வரியும் சொல்வதில்லை.

1832 போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு பேங்க் முதலாளி என்கிறார்கள். பேங்க் முதலாளி ஏன் சார் தெருவில் இறங்கினார்?
– ஆர்.ஜே., தூத்துக்குடி

பணத்துக்காகத்தான். ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் இல்லை.

தாமஸ் ஆட்வுட்டுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே பிடிவாதம்: பவுண்டைத் தங்கத்தோடு கட்டிப்போட்டது தப்பு. நெப்போலியன் யுத்தம் முடிந்ததும் அரசாங்கம் பழையபடி தங்க மதிப்புக்குத் திரும்பியது, புழக்கத்தில் பணம் சுருங்கியது, விலை விழுந்தது, யுத்தத்துக்குத் துப்பாக்கி செய்து கொடுத்த பர்மிங்காம் பட்டறைகளில் வேலை போனது. காகிதப் பணத்தை அதிகம் விடுங்கள் என்று ஆட்வுட் மனு மனுவாகக் கொடுத்துப் பார்த்தார், எவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி, இந்த நாடாளுமன்றம் கேட்காது, கேட்கிற நாடாளுமன்றம் வேண்டும் என்றால் உள்ளே உட்காரும் ஆட்களை மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1830 ஜனவரியில் பர்மிங்காம் அரசியல் சங்கம் தொடங்கியது அப்படித்தான். வாக்குரிமைமேல் பெரிய காதல் இருந்து அவர் ஆரம்பிக்கவில்லை. நாணயக் கொள்கையில் ஆரம்பித்து ஜனநாயகத்தில் வந்து நின்ற மனிதர்.

அந்தச் சங்கத்தில் முதலாளியும் தொழிலாளியும் ஒன்றாக இருந்ததுதான் அதன் பலம். மான்செஸ்டர் மாதிரி ஆயிரம் பேர் வேலை செய்யும் மில்கள் இங்கே குறைவு, பத்துப் பதினைந்து பேர் வைத்த பட்டறைகள்தான் அதிகம், முதலாளியே உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தார். வேலை இல்லையென்றால் இருவருக்கும் ஒரே நாளில் அடி விழும்.

1832 மே மாதம்தான் உச்சம். ஓல்ட் சாரம் மாதிரி ஊர்களின் இடங்களை எடுத்துப் பர்மிங்காம் மாதிரி ஊர்களுக்குக் கொடுக்கும் சீர்திருத்த மசோதாவைக் காமன்ஸ் சபை நிறைவேற்றிவிட்டது, பிரபுக்கள் சபை இழுத்தடித்தது. மே 7 அன்று நியூஹால் ஹில்லில் பெருங்கூட்டம், 2,00,000 பேர் வந்தார்கள் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள் (கூட்டம் நடத்துகிறவர்கள் சொல்லும் கணக்கு எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரிதான், பாதியாக்கிக்கொண்டாலும் மிகப் பெரிய கூட்டம்). அன்று இரவே பிரபுக்கள் சபையில் அரசு தோற்றது. 9-ஆம் தேதி பிரதமர் கிரே பிரபு ராஜினாமா செய்தார். மசோதாவை ஒரேயடியாக எதிர்த்த வெலிங்டன் ஆட்சி அமைக்கப் போகிறார் என்று செய்தி வந்ததும், மசோதா நிறைவேறும் வரை இந்த வீட்டில் வரி கட்டப்படாது என்று ஜன்னலில் அச்சடித்த அறிவிப்பு ஒட்டினார்கள். வாட்டர்லூவில் நெப்போலியனை ஜெயித்த வெலிங்டனுக்கு மந்திரிசபைக்குத் தேவையான ஆட்கள் கிடைக்கவில்லை. மே 15-இல் கைவிட்டார். கிரே திரும்பினார், ஜூன் 7 அன்று மசோதா சட்டமானது.

அந்த டிசம்பரில் நடந்த தேர்தலில் பர்மிங்காமின் முதல் இரண்டு எம்.பி.க்கள் ஆட்வுட்டும் ஜோஷுவா ஸ்கோல்ஃபீல்டும். போட்டியே இல்லை. ஆனால் வாக்குரிமை கிடைத்தது யாருக்கு? ஆண்டுக்கு 10 பவுண்டு மதிப்புள்ள வீட்டிலோ கடையிலோ இருக்கும் ஆண்களுக்கு மட்டும். அப்படிப் பார்த்தால் ஊரில் சுமார் 4,000 பேர் தேறினார்கள். மேட்டில் வெயிலில் நின்றவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றுமில்லை.

ஆட்வுட் உள்ளே போய் என்ன சாதித்தார்?
– அதே வாசகர், அடுத்த தபாலில்

சாதிக்கவில்லை. வெளியே லட்சம் பேரைக் கட்டிப்போட்ட குரல் சபைக்குள் எடுபடவில்லை, எழுந்தாலே மறுபடி நாணயக் கொள்கைதானா என்று சலித்துக்கொண்டார்கள்.

1839 ஜூன் 14 அன்று எல்லா ஆண்களுக்கும் ஓட்டு கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தின் மனுவை அவர்தான் சபையில் வைத்தார். ஏறக்குறைய 12,80,000 கையெழுத்து. பெரிய உருளையாகச் சுற்றி உருட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து உறுப்பினர்கள் சிரித்தார்கள். ஜூலை 12 அன்று அதைப் பரிசீலிக்கலாமா என்று வாக்கெடுப்பு: வேண்டாம் 235, வேண்டும் 46. தேதியைக் கவனியுங்கள், வோல்ஸ்லியைக் கைதூக்கித் தேர்ந்தெடுத்து அன்றோடு சரியாக 20 வருஷம். அது தற்செயல்தான்.

அதற்குள் சார்ட்டிஸ்டுகளின் மாநாடு, கிட்டத்தட்ட ஒரு போட்டி நாடாளுமன்றம் மாதிரி, லண்டனிலிருந்து மே மாதம் பர்மிங்காமுக்கு இடம் மாறியிருந்தது. புல் ரிங் சந்தையில் தினமும் கூட்டம். ஜூலை 4 அன்று லண்டனிலிருந்து ரயிலில் போலீஸ் வந்து அடித்துக் கலைத்தது, கலவரம், தீ. உடனே நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டம் போட்டு பர்மிங்காம் போலீஸை உள்துறை நியமிக்கும் கமிஷனரின் கையில் கொடுத்தது, அது 1842 வரை நகரசபைக்குத் திரும்பவில்லை. முதல் நகரசபைத் தேர்தலே 1838 கடைசியில்தான் நடந்திருந்தது, பாவம். ஆட்வுட் 1839 முடிவிலேயே எம்.பி. பதவியை விட்டுவிட்டார்.

பிக் பென் பர்மிங்காமில் செய்தது என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். பந்தயம் 100 ரூபாய்.
– ல.வி., சேலம்

மணியைச் சொன்னால் மகன் தோற்றான், அது லண்டன் வைட்சாப்பலில் வார்த்தது. கடிகாரத்தின் முகத்தைச் சொன்னால் பாதி ஜெயித்தான். நான்கு முகங்களிலும் பதித்த பால் நிறக் கண்ணாடியைச் செய்து கொடுத்தது பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெதிக்கில் இருந்த சான்ஸ் பிரதர்ஸ்.

நாடாளுமன்றம் கூடிய பழைய வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை 1834 அக்டோபர் 16 அன்று எரிந்துபோனது. புதியதை வடிவமைத்த சார்ல்ஸ் பேரி அதற்குச் சற்று முன்புதான் பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட்டில் கிங் எட்வர்ட்ஸ் பள்ளிக்கூடம் கட்டும் வேலையை எடுத்திருந்தார். அந்த வேலையில் அவருக்கு உதவியவர் பியூஜின் என்ற இன்னொரு கட்டடக் கலைஞர். இந்த ஜோடிதான் வெஸ்ட்மின்ஸ்டரையும் செய்தது. அப்புறம் பர்மிங்காமில் பொத்தான் செய்துகொண்டிருந்த ஹார்ட்மன் குடும்பத்தைப் பியூஜின் பிடித்தார், அவர்கள் பட்டறையிலிருந்துதான் அரண்மனையின் பித்தளை வேலைகளும் வண்ணக் கண்ணாடிகளும் போயின. நியூ ஸ்ட்ரீட் பள்ளிக் கட்டடத்தை 1936-இல் இடித்துவிட்டார்கள், ஆனால் அதன் மேல்மாடி நடைக்கூடம் ஒன்றைக் கல் கல்லாகப் பெயர்த்து, எட்ஜ்பாஸ்டனில் உள்ள புதுப் பள்ளி வளாகத்தில் சிற்றாலயமாக எழுப்பியிருக்கிறார்கள். ஆளுக்கு 50 ரூபாய் என்று முடித்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தை 'நாடாளுமன்றங்களின் தாய்' என்று பேச்சுக்குப் பேச்சு சொல்கிறார்களே, யார் கொடுத்த பட்டம்?
– பேராசிரியர் (ஓய்வு), பாளையங்கோட்டை

ஜான் பிரைட். சொன்ன இடம் பர்மிங்காம், 1865 ஜனவரி. ஆனால் அவர் நாடாளுமன்றத்தைச் சொல்லவில்லை, இங்கிலாந்து நாட்டைச் சொன்னார். அதுவும் பெருமைக்காக மட்டும் சொன்னதில்லை. ஆங்கிலேயன் கேப் காலனிக்குப் போனால் ஓட்டுப் போடுகிறான், ஆஸ்திரேலியா போனால் ஓட்டுப் போடுகிறான், சொந்த மண்ணில்தான் அவனுக்கு ஓட்டில்லை என்று குத்திக்காட்டிய பேச்சு அது. குத்தலை உதறிவிட்டுப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

பிரைட் பர்மிங்காம்காரர் அல்ல, ராச்டேல் நெசவாலை முதலாளி, யுத்தமே கூடாது என்னும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். கிரைமிய யுத்தத்தை எதிர்த்ததற்காக மான்செஸ்டர் 1857-இல் அவரைத் தோற்கடித்தது, சில மாதத்தில் பர்மிங்காம் இடைத்தேர்தலில் போட்டியின்றி எடுத்துக்கொண்டது. துப்பாக்கி செய்யும் ஊர், யுத்தம் வேண்டாம் என்றவரை 1889-இல் அவர் சாகும் வரை எம்.பி.யாக வைத்திருந்தது!

நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1858-இல், கம்பெனியிடமிருந்து இந்தியாவை ராணியின் ஆட்சிக்கு மாற்றும் விவாதத்தில், கவர்னர் ஜெனரல் பதவியே வேண்டாம், இந்தியாவை ஐந்து மாகாணங்களாகப் பிரித்து ஒவ்வொன்றும் தன் கணக்கைத் தானே பார்க்கட்டும் என்றார் பிரைட். அவர் சொன்ன தலைநகரங்கள் கல்கத்தா, பம்பாய், ஆக்ரா, லாகூர், நம் சென்னை. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அடுத்த கேள்வி அனுப்பாதீர்கள், அதற்குப் பதில் எழுத இந்த இதழ் போதாது.

வார்டு வாரியாக ஆள் போட்டு ஓட்டைக் கணக்குப் பண்ணும் வித்தை முதலில் எங்கே தொடங்கியது?
– ஒரு முன்னாள் பூத் ஏஜென்ட், மதுரை

பிரிட்டனில் என்றால் தயங்காமல் பர்மிங்காம் என்பேன்.

1867-இல் வந்த இரண்டாவது சீர்திருத்தச் சட்டம் பர்மிங்காமுக்கு மூன்றாவது எம்.பி.யைக் கொடுத்தது. கூடவே பிரபுக்கள் சபை ஒரு கொக்கி போட்டது: இடம் மூன்று, ஆனால் ஒருவருக்கு ஓட்டு இரண்டுதான். பெரும்பான்மைக் கட்சி இரண்டை எடுத்துக்கொள்ளட்டும், சிறுபான்மைக்கு ஒன்றாவது கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம், அல்லது அப்படிச் சொல்லிக்கொண்ட கன்சர்வேட்டிவ் கணக்கு.

லிபரல்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மூன்று வேட்பாளர்கள்: டிக்சன், மன்ட்ஸ், பிரைட். பிரைட்டுக்குப் புகழ் அதிகம், விட்டால் எல்லோரும் அவருக்கே குத்திவிட்டு மற்ற இருவரில் ஒருவரை மறந்துவிடுவார்கள். அதனால் வார்டு வார்டாகக் கமிட்டி அமைத்து, இந்த வார்டுக்காரர்கள் பிரைட்டுக்கும் டிக்சனுக்கும், அந்த வார்டுக்காரர்கள் டிக்சனுக்கும் மன்ட்ஸுக்கும், அடுத்தவர்கள் மன்ட்ஸுக்கும் பிரைட்டுக்கும் என்று பிரித்துக் கொடுத்தார்கள். சொன்னபடி ஓட்டுப் போடு, ஏன் என்று கேட்காதே. 1868-இல் இன்னும் ரகசிய வாக்கெடுப்பு வரவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள், யார் சொல் தவறினார் என்பது தெரிந்துவிடும். மூவருக்கும் தலா 14,000-க்கு மேல் ஓட்டு, மூவரும் ஜெயித்தார்கள், கொக்கி வீண்.

திட்டம் போட்டவர் வில்லியம் ஹாரிஸ், பிறகு அந்த இயந்திரத்தை ஓட்டியவர் ஷ்னாட்ஹார்ஸ்ட் என்ற செயலாளர். 1877-இல் இதே மாதிரியை நாடு முழுக்கக் கொண்டுபோக தேசிய லிபரல் கூட்டமைப்பைப் பர்மிங்காமில் தொடங்கினார்கள், முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனே வந்து பேசினார். ஊர் மக்கள் கையில் கட்சி வந்துவிட்டது என்றார்கள் ஆதரவாளர்கள், எம்.பி.யைக் கமிட்டியின் கைப்பாவை ஆக்கிவிட்டார்கள் என்றார்கள் எதிரிகள். என்னைக் கேட்டால் இரண்டுமே நடந்தது.

சேம்பர்லின் குடும்பம் பற்றிச் சுருக்கமாக.
– எஸ்.என்., பெங்களூரு

சுருக்கமாகச் சொல்ல முடியாத குடும்பம், முயல்கிறேன்.

ஜோசப் சேம்பர்லின் லண்டனில் பிறந்து, 18 வயதில் திருகாணி வியாபாரத்துக்காகப் பர்மிங்காம் வந்தவர். 1873 முதல் 1876 வரை மேயர், பிறகு எம்.பி., பிறகு மந்திரி. ஊருக்குக் கேஸும் தண்ணீரும் நகரசபையே கொடுக்கும்படி செய்தார். அந்த மூன்று வருஷத்துக்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. பிற்பாடு காலனி மந்திரியாக அவர் செய்த அரசியல்மேல் கிடையாது. 1886-இல் அயர்லாந்துக்குத் தன்னாட்சி கொடுப்பதை எதிர்த்து லிபரல் கட்சியை உடைத்துக்கொண்டு வெளியேறினார், வேடிக்கை என்னவென்றால் ஊரும் அவரோடு கட்சி மாறியது. 1906-இல் நாடெங்கும் லிபரல் அலை அடித்தபோதும் பர்மிங்காமின் ஏழு இடங்களும் சேம்பர்லின் பக்கமே நின்றன.

அந்த விசுவாசத்துக்கு ஓர் அசிங்கமான முகமும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் யுத்தத்தை எதிர்த்துப் பேச 1901 டிசம்பர் 18 அன்று லாயிட் ஜார்ஜ் பர்மிங்காம் டவுன் ஹாலுக்கு வந்தார். வெளியே திரண்ட கூட்டம் கண்ணாடிகளை நொறுக்கி உள்ளே புகுந்தது. பேச்சாவது ஒன்றாவது! பிற்காலப் பிரதமர் போலீஸ்காரர் சீருடை மாட்டிக்கொண்டு பின்வழியாகத் தப்பினார்.

ஜோசப் பிரதமர் ஆகவில்லை. மூத்த மகன் ஆஸ்டின் அமைதிக்கான நோபல் வாங்கினார், பிரதமர் ஆகவில்லை. அரசியலுக்கென்று தயார் செய்யப்படாத இளையவர் நெவில், ஊரின் மேயராக இருந்து 50 வயதை ஒட்டி எம்.பி. ஆனவர், 1937-இல் பிரதமர் ஆனார். அவரும் 1924-இல் லேடிவுட் தொகுதியில் தொலைந்திருக்க வேண்டியவர். 77 ஓட்டில் தப்பினார். எதிர்த்து நின்றவர் அப்போது லேபர் கட்சியில் இருந்த ஆஸ்வால்ட் மோஸ்லி, பிறகு பிரிட்டிஷ் பாசிஸ்டுகளின் தலைவர் ஆனாரே, அவரேதான்.

நெவில் சேம்பர்லினைக் கவிழ்த்தவரும் பர்மிங்காம் எம்.பி.யாமே?
– அ.பெ., திருச்சி

கவிழ்த்தவர்களில் ஒருவர். லியோ அமெரி, அதே கட்சி, பக்கத்துத் தொகுதி மாதிரி, ஸ்பார்க்புரூக். 1940 மே 7 அன்று நார்வேயில் ஜெர்மனியிடம் பட்ட தோல்வி பற்றிய விவாதத்தில் எழுந்து, 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட கிராம்வெல் ஒரு காலத்தில் நாடாளுமன்றத்தைப் பார்த்துச் சொன்னதை நெவிலைப் பார்த்துச் சொன்னார்: கடவுளின் பெயரால் சொல்கிறேன், போய்விடுங்கள். மறுநாள் வாக்கெடுப்பில் அரசு 281–200 என்று ஜெயித்தது, ஆனால் சொந்தக் கட்சிக்காரர்கள் அத்தனை பேர் கைவிட்ட பிறகு அது வெற்றியே இல்லை. 10-ஆம் தேதி சர்ச்சில் பிரதமர்.

அதோடு நிறுத்தினால் அமெரி கதாநாயகன் ஆகிவிடுவார். சர்ச்சில் அவருக்குக் கொடுத்தது, லண்டனில் இருந்து இந்தியாவைக் கவனிக்கும் மந்திரி பதவி. கோரக்பூரில் பிறந்தவர். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது காந்தியும் காங்கிரஸ் தலைவர்களும் சிறைக்குப் போனது, வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் மடிந்தது எல்லாம் இவர் அந்த நாற்காலியில் இருந்தபோதுதான். பஞ்சத்துக்கு உணவுக் கப்பல் கேட்டு சர்ச்சிலிடம் மன்றாடினார் என்பதும் பதிவில் இருக்கிறது, போதிய அளவு வரவில்லை என்பதும் இருக்கிறது. 1945 தேர்தலில் இந்தியாவைப் பற்றியே பேசி அவரை எதிர்க்க கம்யூனிஸ்ட் தலைவர் ரஜனி பாமி தத் ஸ்பார்க்புரூக்குக்கு வந்து நின்றார். தத் ஜெயிக்கவில்லை, ஜெயித்தது லேபர் வேட்பாளர். அமெரி வீட்டுக்குப் போனார்.

1974 குண்டுவெடிப்புக்கும் நாடாளுமன்றத்துக்கும் என்ன சம்பந்தம்?
– ஜெ., லண்டன்

நவம்பர் 21 அன்று இரண்டு மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். அப்போது உள்துறை மந்திரி ராய் ஜென்கின்ஸ், பர்மிங்காம் ஸ்டெச்ஃபோர்டு எம்.பி. எட்டாவது நாள், 29-ஆம் தேதி, பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் கையெழுத்தாகிவிட்டது, சந்தேகத்தின் பேரில் ஏழு நாள் வரை வைத்து விசாரிக்கலாம் என்ற அதிகாரத்தோடு. தற்காலிகம் என்றார்கள், புதுப்பித்துப் புதுப்பித்து ஒரு தலைமுறைக்கு ஓடியது.

அதைவிட மோசமானது, பிடித்து ஆயுள் தண்டனை கொடுத்த ஆறு பேரும் நிரபராதிகள். வெளியே வர 1991 மார்ச் 14 வரை ஆனது. அவர்களுக்காக விடாமல் எழுதியும் பேசியும் வந்தவர்களில் ஒருவர் கிறிஸ் மலின், சண்டர்லேண்ட் எம்.பி. விடுதலையான அன்றே ஒரு ராயல் கமிஷன் அறிவித்தார்கள், அதன் வழியாக வந்த 1995 சட்டம், தவறான தீர்ப்புகளை மறுபடி பார்க்க ஒரு தனி ஆணையத்தை உருவாக்கியது. 1997-இல் வேலையைத் தொடங்கிய அந்த ஆணையத்துக்குத் தலைமையகம் வைத்த ஊர் பர்மிங்காம்.

இவ்வளவு பெரிய நகரம் 2023-இல் திவாலானது எப்படி? அதைவிட, வரியை ஏற்ற லண்டனிடம் ஏன் அனுமதி கேட்க வேண்டும்?
– ஒரு நகராட்சி ஊழியர், ஈரோடு

முதல் பாதிக்குப் பதில்: பெண் ஊழியர்களுக்குச் சம ஊதியம் கொடுக்காமல் விட்ட பழைய பாக்கி, சொதப்பிய ஒரு கம்ப்யூட்டர் திட்டம், பத்தாண்டுக்கும் மேலாக லண்டன் குறைத்துக்கொண்டே வந்த மானியம். எது எவ்வளவு என்பதில் கட்சிக்கொரு கணக்கு. 2023 செப்டம்பர் 5 அன்று, சட்டப்படி கட்டாயமான செலவைத் தவிர வேறெதுவும் செய்ய மாட்டோம் என்று நகரசபை அறிவித்தது, அடுத்த மாதமே மத்திய அரசு கமிஷனர்களை அனுப்பியது.

இரண்டாவது பாதிதான் முக்கியம். பிரிட்டனில் நகரசபைக்கு அரசியல் சாசனப் பாதுகாப்பு என்று எதுவும் இல்லை, நாடாளுமன்றம் கொடுத்ததுதான் அதிகாரம், கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சேம்பர்லின் கேஸ் கம்பெனிகளை வாங்க 1875-இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. வேல்ஸில் ஈலன் பள்ளத்தாக்கில் அணை கட்டி 73 மைல் தூரம் தண்ணீர் கொண்டுவர 1892-இல் இன்னொரு சட்டம், அதில் பர்மிங்காம் ஜெயித்தது, அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த சுமார் 100 பேர் வீடிழந்தார்கள், நிலம் வைத்திருந்தவர்களுக்குத்தான் இழப்பீடு. நெவில் நகரசபைக்கே ஒரு சேமிப்பு வங்கி தொடங்க 1916-இல் மற்றொன்று. இன்று வரிக்கும் அதே கதை. வழக்கமான உச்சவரம்பு ஆண்டுக்கு 4.99 சதவீதம், அதைத் தாண்டினால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் அல்லது அரசு விலக்கு தர வேண்டும். 2024-இல் விலக்கு வாங்கி 9.99 சதவீதம் ஏற்றினார்கள், அடுத்த வருஷம் 7.49. நூலகத்தையும் இளைஞர் மையத்தையும் குறைத்துக்கொண்டே வரியை ஏற்றினால் ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள்.

இப்போது பர்மிங்காமுக்கு எத்தனை எம்.பி.? அதில் தமிழர் உண்டா?
– வீ.கு., காரைக்குடி

சட்டன் கோல்ட்ஃபீல்டையும் சேர்த்து 10. 2024 தேர்தலில் லேபர் எட்டு, கன்சர்வேட்டிவ் ஒன்று, சுயேச்சை ஒன்று. பெரி பார் தொகுதியில் அயூப் கான் என்ற அந்தச் சுயேச்சை 507 ஓட்டில் ஜெயித்தார், தோற்ற காலித் மஹ்மூத் 2001 முதல் இருந்தவர். எட்ஜ்பாஸ்டன் 1953 முதல் இன்றுவரை பெண்களை மட்டுமே அனுப்பி வருகிறது, இப்போதிருக்கும் பிரீத் கவுர் கில்தான் முதல் சீக்கியப் பெண் எம்.பி. நெவில் 77 ஓட்டில் தப்பிய அதே லேடிவுட்டின் எம்.பி. ஷபானா மஹ்மூத், 2025 செப்டம்பரில் உள்துறை மந்திரி ஆனார்.

தமிழர் பர்மிங்காமில் இல்லை. ஈழத் தமிழ்ப் பெற்றோரின் மகளான உமா குமரன் 2024-இல் ஜெயித்தது கிழக்கு லண்டனில், ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போ தொகுதியில்.